பலகையைப் படம் எடுத்து வந்தவர்களுக்கு

போன மாதம் எங்கட கெம்பஸில் ஒரு செயலமர்வு. தலைப்பு வழக்கமானதுதான்: மொழி, நல்லிணக்கம், இளையோர். வந்த வளவாளர் திரையில் ஒரு படம் போட்டார். நீலப் பலகை, வெள்ளை எழுத்து. ஒரே தெருவுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர், டச்சில் ஒரு பெயர். "இது பிரசல்ஸ். ரெண்டு மொழிக்காரர், ஒரு தலைநகரம். ஒருத்தற்ற மொழியை மற்றவர் மதிக்கினம், அதாலதான் அங்க சண்டை இல்லை. நீங்கள் சிங்களம் படியுங்கோ, அவையள் தமிழ் படிக்கட்டும், எல்லாம் சரிவரும்" என்றார். பிறகு தேநீர் இடைவேளை. பற்றிஸும் பிளேன்ரீயும்.

எனக்கு அந்தப் பற்றிஸ் இறங்கவில்லை. ஏனென்றால் அந்த ஊரில் நானும் ஒன்பது இரவு தங்கியிருக்கிறேன். அதே மாதிரிப் பலகைகளை நானும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் சொன்னது பச்சைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அது பாதிக் கதை. இந்த நாட்டில் எங்களுக்குச் சொல்லப்படுவது எப்பவும் அந்தப் பாதிதான். மற்றப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் போன கதை. இளைஞர்களுக்கான ஒரு பத்து நாள் நிகழ்ச்சிக்குத் தெரிவானேன். கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். எடுக்கப் போகிற நேரம் பார்த்துக் கொழும்பு பஸ்ஸில் அடையாள அட்டை தொலைந்தது. தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்: பொலிஸில் முறைப்பாடு. போனேன். இருந்தவர் நல்ல மனுசன். கதிரை தந்தார், தண்ணி வேணுமா என்று கேட்டார். "தமிழ் தெரிஞ்ச ஆள் இண்டைக்கு லீவு, மிஸ்" என்று சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார். எனக்கு வந்த அரைகுறைச் சிங்களத்தில் நான் சொல்ல, அவர் எழுதினார். வாசிக்கத் தெரியாத ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அறைத் தோழி வாசித்துப் பார்த்தால், அட்டை பஸ்ஸில் அல்ல, வீட்டில் தொலைந்ததாக இருக்கிறது. அப்பாவின் பெயரும் பிழை. திரும்பவும் போய், திரும்பவும் வரிசையில் நின்று, ஒரு நாள் போனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மனுசனிடம் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வளவாளர் கேட்கிற நல்லெண்ணம் அங்கே நிறையவே இருந்தது. இல்லாமல் இருந்தது வேறு ஒன்று. அது என்ன என்று எனக்கு விளங்கினது பிரசல்ஸில்தான்.

விமானம் இறங்குகிற இடத்திலேயே பாடம் தொடங்குகிறது. பிரசல்ஸ் விமான நிலையம் பிரசல்ஸுக்குள் இல்லை. சாவென்தெம் என்ற இடத்தில் இருக்கிறது. அது ஃபிளாண்டர்ஸ், டச்சு மட்டுமே அரசகரும மொழியான பகுதி. அங்கேயிருந்து ரெயின் எடுத்து இருபது நிமிடம் போனால் பிரசல்ஸ் மத்திய நிலையம். அதற்குள் சட்டப்படி ஒரு மொழி எல்லையைக் கடந்துவிடுகிறீர்கள். கோடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. 2024 இல் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்குள் ஓடிய ரெயினில் ஒரு நடத்துநர் டச்சு வணக்கத்தோடு பிரெஞ்சில் "பொன்ஜூர்" என்றும் சொல்லிவிட்டார். ஒரு பயணி மொழிக் கண்காணிப்பு ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டுவிட்டார்! ஒரு வணக்கத்துக்கு முறைப்பாடு. இதுதான் ஒருத்தற்ற மொழியை மற்றவர் தலையில் வைத்துக் கொண்டாடுகிற நாடாம்.

நான் தங்கினது தெற்கு ரெயின் நிலையத்துக்குக் கிட்ட ஒரு விடுதி. பிரெஞ்சில் கார் து மிடி, டச்சில் பிரசல் சௌத். எட்டுக் கட்டில் அறை, குளியலறை வெளியே, காலையில் பாணும் சீஸும் சொக்லேட் களியும். யாராவது போகிறவர்கள் இருந்தால் ஒரு தகவல்: ஐரோப்பிய ஒன்றியக் கந்தோர்கள் இருக்கிற பக்கத்தில் கிழமை நாட்களில் ஹோட்டல் விலை ஏறும், சனி ஞாயிறில் இறங்கும். அதிகாரிகள் வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வரவேற்பு மேசையில் ஆங்கிலம். அறை துப்புரவாக்க வந்த அக்கா மொரோக்கோக்காரி, அவ தன் சகாக்களோடு அரபில் கதைத்தா. அந்த விடுதிக்குள் நான் டச்சு கேட்டதே இல்லை.

கந்தோர் என்று எழுதினேன் அல்லவா. எங்கட அம்மம்மா இன்றைக்கும் தபால் கந்தோர் என்றுதான் சொல்லுவா. மூன்றாம் நாள் ஒரு தபாலகத்தைத் தேடிப் போகிறேன், டச்சில் "போஸ்ற்கன்தோர்" என்று இருக்கிறது. தெருவில் நின்று சிரித்தேன். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அம்மம்மாவின் வாயில் மிச்சம் இருக்கிறது. ஆண்டவனின் மொழியிலிருந்து சொல் வருவது சுகம். ஆளப்பட்டவனின் மொழியில் ஒரு கடதாசி எழுதுவிப்பதுதான் பாடு.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். பிரசல்ஸ் போய் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிடாமல் வர முடியாது. இரண்டு தரம் பொரிப்பார்கள். முதல் தரம் உள்ளே அவிய, இரண்டாம் தரம் வெளியே முறுக. கடதாசிக் கூம்பில் போட்டு, மேலே மயோனைஸ். ஒரு கூம்பை முடித்த பிறகுதான் தெரிய வந்தது, பழைய முறைப்படி பொரிக்கிற கடைகளில் அது மாட்டுக்கொழுப்பு என்று. அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. இதை வாசிக்கிற ஆராவது சொல்லிப்போடாதேங்கோ. மாக்கட்டி மாதிரிக் கனமான சீனி வாஃபிள் லியேஜ் நகரத்து வகை. நீள்சதுரமாய், லேசாய், மேலே சீனித்தூள் தூவினது பிரசல்ஸ் வகை. சட்டி நிறைய மட்டி அவித்து, பொரியலோடு தருவார்கள். உணவகத்தில் குடிக்கத் தண்ணி கேட்டால் போத்தல் தண்ணி வரும், அதற்கும் காசு. ஒரு யூரோவை முன்னூற்றுச் சொச்சத்தால் பெருக்கிப் பெருக்கியே எனக்குப் பசி அடங்கிப்போகும்.

வளவாளர்கள் திரும்பி வரும்போது கொண்டுவருவது இவ்வளவும்தான்: ஒரு வாஃபிள், ஒரு சொக்லேட் பெட்டி, ஒரு பலகைப் படம். பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆரும் தட்டிப் பார்ப்பதில்லை.

பின்னால் இருப்பது இதுதான். பெல்ஜியம் 1830 இல் தனி நாடானது. டச்சு பேசுகிறவர்கள் தொகையில் கூட, ஆனால் அரசு, நீதிமன்றம், இராணுவம், உயர்கல்வி எல்லாம் பிரெஞ்சில். தன்னுடைய வழக்கு என்ன மொழியில் நடக்கிறது என்றே விளங்காமல் ஃபிளாண்டர்ஸ் விவசாயி கூண்டில் நின்ற காலம் அது. 1873 இல்தான் அங்கே குற்ற வழக்குகளில் டச்சுக்குச் சட்டம் வந்தது. சட்டங்களின் டச்சுப் பிரதிக்கும் பிரெஞ்சுப் பிரதிக்கும் சம மதிப்பு என்று 1898 இல் ஒரு சட்டம். கென்ற் பல்கலைக்கழகம் டச்சுக்கு மாற 1930 ஆனது. மொழி எல்லை 1962 இல் சட்டமாகி அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தது. ஊர்வலம், கல்லெறி, அடிதடி, கவிழ்ந்த அரசாங்கங்கள் எல்லாம் நடுவில் உண்டு. ஒருத்தரும் மற்றவரின் மொழியில் காதல் கொண்டு எதையும் கொடுக்கவில்லை. கேட்டார்கள், மறுத்தார்கள், திரும்பக் கேட்டார்கள், கடைசியில் சட்டமாக எழுதிக்கொண்டார்கள்.

அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது? இதை வளவாளர் சொல்லவே இல்லை. 1970 இலிருந்து பெல்ஜிய அரசியலமைப்பின்படி மத்திய அமைச்சரவையில் பிரதமரைத் தவிர்த்து, டச்சு பேசும் அமைச்சர்களும் பிரெஞ்சு பேசும் அமைச்சர்களும் சம எண்ணிக்கை. நாட்டில் டச்சு பேசுகிறவர்கள்தான் பெரும்பான்மை, ஆனால் அமைச்சரவையில் சரிபாதி. பிரசல்ஸ் நகரத்தில் நிலைமை தலைகீழ்: அங்கே பிரெஞ்சுதான் கூட, டச்சுக்காரர் சிறுபான்மை. அதனால் பிரசல்ஸ் பிராந்தியப் பாராளுமன்றத்தின் 89 ஆசனங்களில் 17 டச்சு மொழிப் பிரதிநிதிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. எத்தனை பேர் டச்சு பேசுகிறார்கள் என்று எண்ணியா இந்த 17? இல்லை. மொழி கேட்கிற கடைசிக் குடிசன மதிப்பு 1947 இல் நடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள், எண்ணிக்கையைக் காட்டி எல்லையை நகர்த்துகிற விளையாட்டு வேண்டாம் என்று. நாட்டில் சிறுபான்மைக்கு ஒரு பாதுகாப்பு, நகரத்தில் சிறுபான்மைக்கு இன்னொரு பாதுகாப்பு, இரண்டும் ஒன்றுக்கொன்று பிணை.

இப்ப எங்கட வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சோல்பரி ஆணைக்குழு முன்னால் ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார். சிறுபான்மையினர் எல்லாருக்கும் சேர்த்துப் பாதி, பெரும்பான்மைக்குப் பாதி. அவருடைய அரசியலில் எனக்கு ஆயிரம் கேள்வி உண்டு. ஆனால் அந்தக் கோரிக்கையை இன்றைக்கும் வகுப்பில் பகிடியாகத்தான் சொல்லித் தருகிறார்கள், உலகத்தில் எங்கேயும் இல்லாத பேராசை மாதிரி. அதே பேராசைதான் பிரசல்ஸில் அரசியலமைப்பு. 1970 இல் அவர்கள் அமைச்சரவையைப் பாதியாகப் பங்கிட்டார்கள். 1972 இல் நாங்கள் ஒரு குடியரசு அரசியலமைப்பு எழுதி, 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்தை அதற்குள்ளேயே கொண்டுபோய் வைத்தோம். தமிழ் அரசகரும மொழியாக 1987 வரை, 13ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டி வந்தது. அதிலும் எப்படி? சிங்களம் அரசகரும மொழி என்பது ஒரு வசனம். தமிழும் ஒன்று என்பது அடுத்த வசனம். அந்த "உம்" இருக்கிறதே, எங்கட நாட்டின் மொழிக் கொள்கை முழுக்க அந்த ஒரு விகுதிக்குள் அடங்கும்.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: "2010 தேர்தலுக்குப் பிறகு 541 நாள் அரசாங்கம் அமைக்கேலாமல் கிடந்த நாடடி அது. அதையோ எங்களுக்குக் காட்டுறாய்?" ஓம், 541 நாள். பிரசல்ஸ் பிராந்தியமும் 2024 ஜூன் தேர்தலுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக அரசாங்கம் இல்லாமல் இழுபட்டது. கேலிக்குரியதுதான். ஆனால் அந்த 541 நாளும் பழைய அரசாங்கம் அன்றாட வேலையைப் பார்த்தது, ட்ராம் ஓடியது, பள்ளிக்கூடம் நடந்தது, மொழியின் பெயரால் ஒரு கலவரம் இல்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் பலமான அரசாங்கங்கள். மூன்றில் இரண்டு பெரும்பான்மை, நிறைவேற்று அதிகாரம், எல்லாம் சேர்ந்த அரசாங்கங்கள். 1983 இல் இருந்ததும் பலமான அரசாங்கம்தான். அலுப்பான பேச்சுவார்த்தைக்கும் பலமான அரசாங்கத்துக்கும் நடுவில் தெரிவு செய் என்றால், நான் அலுப்பைத் தெரிவு செய்வேன்.

ஒரு நாள் லூவன் போனேன், பிரசல்ஸிலிருந்து ரெயினில் அரை மணிகூட இல்லை. பழைய பல்கலைக்கழக நகரம், 1425 இலிருந்து. 1968 இல் மொழிப் பிரச்சினையில் அந்தப் பல்கலைக்கழகமே இரண்டாக உடைந்தது; பிரெஞ்சுப் பாதிக்கு என்று வேறு இடத்தில் புதிதாக ஒரு நகரமே கட்டினார்கள். நூலகத்தையும் பங்கு போட்டார்கள். புத்தக இலக்கம் ஒற்றை என்றால் ஒரு பக்கம், இரட்டை என்றால் மற்றப் பக்கம். இதைச் சொல்லிவிட்டுக் கூட வந்த ஐரோப்பிய மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே நூலகத்தை 1914 இல் ஜேர்மன் படை எரித்தது, 1940 இல் திரும்பவும் எரிந்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளை நான். பங்கு போட்டுச் சண்டை பிடிக்கிற அளவுக்கு அவர்களிடம் புத்தகம் மிஞ்சியிருந்தது. அதுவே பெரிய விசயமாகத்தான் எனக்குப் பட்டது.

ஆக, பெல்ஜியத்தை அப்படியே தூக்கி வந்து இங்கே நட வேண்டும் என்கிறேனா? இல்லை. இனி அடி எங்கட ஆட்களுக்கு. "சமஷ்டி கிடைச்சால் எல்லாம் முடிஞ்சுது" என்று எழுதுகிற அண்ணைமாருக்கு.

பிரசல்ஸில் நாமூர் வாசல் என்ற இடத்துக்குப் பின்னால் மதோங்கே என்று ஒரு பகுதி. கொங்கோ நாட்டின் கின்ஷாசா நகரத்தில் உள்ள ஒரு பகுதியின் பெயர் அது. முடி பின்னுகிற கடைகள், துணிக்கடைகள், சின்னச் சாப்பாட்டுக் கடைகள். ஒரு கடையில் பொண்டு சாப்பிட்டேன். மரவள்ளி இலையை இடித்து, எண்ணெய் விட்டு வேகவைத்த கறி, சோற்றோடு. பக்கத்தில் பொரித்த வாழைப்பழம். பத்து நாளில் முதல் தடவையாக வயிறு நிறைந்தது. மரவள்ளி இலை வறை சாப்பிட்டு வளர்ந்த நாக்கு அல்லவா. கடையில் கதைத்தது லிங்காலா. அந்தத் தெருவின் நீலப் பலகையிலும் இரண்டு மொழிதான். லிங்காலாவுக்கு இடம் இல்லை. அரபுக்கும் இல்லை, துருக்கிக்கும் இல்லை. மொரோக்கோக்காரரை 1964 இல் ஒப்பந்தம் போட்டு வேலைக்குக் கூப்பிட்டவர்கள்தான் பெல்ஜியர்கள். கொங்கோவை இரண்டாம் லெயோபோல்ட் மன்னன் 1908 வரை தன் சொந்தச் சொத்தாகவே வைத்திருந்தான். றப்பருக்காக அங்கே நடந்த கொடுமை உலகறிந்தது. 1897 இல் பிரசல்ஸ் கண்காட்சிக்காக 267 கொங்கோ மக்களைக் கொண்டுவந்து தெர்வூரனில் காட்சிக்கு வைத்தார்கள். ஏழு பேர் அங்கேயே இறந்தார்கள். கொங்கோவின் முதல் பிரதமர் லுமும்பாவின் பெயரில் மதோங்கேக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுக்கம் வர 2018 ஆனது.

இரண்டு பேர் உட்கார்ந்து நாட்டைச் சரிபாதி பிரித்தால், மூன்றாமவர் தரையில் இருப்பார். பிரசல்ஸ் எனக்குச் சொன்ன இரண்டாவது பாடம் இது. நாங்கள் பங்கு கேட்கிறபோது எங்கட கணக்கில் ஆர் ஆர் இருக்கிறார்கள்? 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களை எங்கட தலைவர்கள் சிலர் எப்படிக் கைவிட்டார்கள் என்பது தெரியாததா? 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் ஒரு சில மணி நேரத்தில் வெளியேற்றினபோது, எந்தப் பலகையில் எந்த மொழி எழுதியிருந்தது? அவர்களும் எங்களும் பேசினது ஒரே மொழி. பெல்ஜியத்தில் ஒரு மரமும் கொக்கோ காய்ப்பதில்லை, ஆனால் சொக்லேட்டுக்குப் பெயர் பெல்ஜியம். தேயிலைக்குப் பெயர் சிலோன். கொழுந்து கிள்ளுகிற அக்காவின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. அதிகாரப் பகிர்வு கேட்கிறவர்கள் இதற்கும் சேர்த்துப் பதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

திரும்பவும் வளவாளரிடம் வருகிறேன். மொழி படிப்பதற்கு நான் எதிரி இல்லை. நான் சிங்களம் படிக்கிறேன், என்னுடைய சிங்கள நண்பி தமிழ் படிக்கிறாள், இரண்டு பேரும் ஒருத்தியின் உச்சரிப்புக்கு மற்றவள் சிரிக்கிறோம். அது நட்பு. நட்பு அரசாங்கத்தின் வேலைக்குப் பதிலாகாது. பிரசல்ஸில் ஒரு குடிமகன் நகரசபைக் கந்தோருக்குப் போனால், பிரெஞ்சிலோ டச்சிலோ சேவை பெறுவது அவரது உரிமை. உள்ளே இருக்கிற உத்தியோகத்தர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாம் பட்சம். மொழிப் பரீட்சை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அங்கேயும் ஓட்டை உண்டு. டச்சு தெரியாத ஆஸ்பத்திரி ஊழியர் பற்றி டச்சுக்காரர் வருடக்கணக்காய் முறைப்பாடு சொல்கிறார்கள். ஆனால் முறைப்பாடு சொல்ல அவர்களுக்கு ஒரு இடமும், கேட்க வைக்கிற 17 ஆசனமும் இருக்கின்றன. இங்கே எங்களிடம் பலகை இருக்கிறது. அதிலும் தமிழில் பாதி எழுத்துப் பிழை.

கேள்வி நேரத்தில் கை தூக்கி இந்த 17 ஆசனத்தைப் பற்றிக் கேட்டேன். "அது அரசியல், தங்கச்சி. நாங்கள் மொழியைப் பற்றித்தான் கதைக்கிறம்" என்றார். பிறகு குழுப் படம் எடுத்தார்கள்.

அது அரசியல்தான். பிரசல்ஸின் ஒவ்வொரு நீலப் பலகையும் அரசியல்தான். அதை மறைத்துவிட்டுப் பலகையை மட்டும் காட்டுகிறவர், எங்களிடம் கேட்பது பொறுமை ஒன்றைத்தான். பொறுமையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் அடையாள அட்டை முறைப்பாடு ஒரு சின்னச் சாட்சி.

ஆகவே இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த முறை ஒரு கந்தோரில் விளங்காத மொழியில் கடதாசி நீட்டினால், தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதை எழுத்தில் கேளுங்கள். திகதியும் நேரமும் குறித்து வையுங்கள், அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராமல் போகலாம். 1873 க்கு முதல் ஃபிளாண்டர்ஸ் விவசாயி போட்ட கடிதத்துக்கும் உடனே பதில் வந்திருக்காது. இருந்தும் பதிவில் இருக்கட்டும்.

அன்றைக்கு எனக்குக் கதிரை தந்த மனுசனிடம் நான் கோபப்படத் தேவையில்லை. ஆனால் அந்தக் கடதாசியில் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.